தூக்கா, ஆயுளா? மனுவில் எதைக் கேட்பது?

கொலை செய்தவனுக்கு என்ன தண்டனை கேட்பது என்பது எங்கள் பக்கத்தில் இப்போது வெறும் பேச்சு இல்லை, கையெழுத்துக் கேட்டு வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் எல்லாம் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று போய்விட, முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீண்டு கிடக்கிற வீட்டில் தனியாக இருந்த ஓர் ஆச்சியை நகைக்காகக் கொன்றுவிட்டார்கள். ஊரையும் குடும்பத்தையும் சொல்ல மாட்டேன், அவர்கள் பட்டது போதும். ஆட்களைப் பிடித்து ரிமாண்ட் செய்தாகிவிட்டது. சிவகங்கை கலெக்டருக்கும் முதலமைச்சருக்கும் போக வேண்டிய மனுவின் முதல் வரியே "தூக்குத் தண்டனை பெற்றுத் தர வேண்டும்" என்று இருக்கிறது. அந்த ஒரு வரியை மாற்ற வேண்டும் என்கிறேன். ஏன் என்பதையும், அதற்குப் பதில் எதைக் கேட்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோபத்தில் தப்பே இல்லை. செட்டிநாட்டில் தெருவுக்குத் தெரு அப்படி ஓர் ஆச்சி இருக்கிறார். ராத்திரி அவர் போனை எடுக்கவில்லை என்றால் எங்கேயோ இருக்கிற மகளுக்குத் தூக்கம் போய்விடும், பக்கத்து வீட்டைக் கூப்பிட்டு "சித்தப்பா, அம்மா போனை எடுக்கமாட்டேங்கிறாக, கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்" என்பாள். இந்தப் பயத்தோடு நாளைக் கடத்துகிறவர்களிடம் போய் மனித உரிமை வகுப்பு எடுக்க எனக்கு மனசு வரவில்லை. கொலைகாரன் மேல் இரக்கம் காட்டச் சொல்லியும் நான் பேசவில்லை. செத்தவரின் குடும்பத்துக்கு எதைக் கேட்டால் என்ன கிடைக்கும், எது கிடைக்கவே கிடைக்காது என்பதை வைத்துத்தான் பேசுகிறேன்.

கொலைக்குச் சட்டத்தில் இருப்பது இரண்டே தண்டனை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 302, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 103: மரணம், அல்லது ஆயுள். இதில் ஆயுள்தான் வழக்கம். 1980ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தூக்கு செல்லும் என்றது, ஆனால் அரிதிலும் அரிதான வழக்குக்கு மட்டும் என்று கட்டிப்போட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருப்பது மனு எழுதியவர்களில் பலருக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து, முப்பது வருடமோ, சாகும் வரையோ, தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுள். நான்காவது, டீக்கடையில் சொல்லப்படுவது: போலீஸ் என்கவுன்டர். அதையும் பார்த்துவிடலாம்.

சாதாரண ஆயுளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் மேல் நம்பிக்கை போனதால்தான் ஜனங்கள் தூக்கு கேட்கிறார்கள். ஆயுள் என்றால் பதினாலு வருடம் என்று நம் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளை கூடச் சொல்லும். சட்டப்படி அது தவறு, ஆயுள் என்றால் ஆயுசு முடியும் வரைதான். கொலை வழக்கில் பதினாலு வருடம் உள்ளே இருந்த பிறகே முன்விடுதலை பற்றி அரசு யோசிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, பதினாலு முடிந்ததும் வெளியே வர யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் நடப்பது வேறு. 2008ல் அண்ணா நூற்றாண்டு என்று ஆயிரத்து நானூறு பேருக்குமேல் ஆயுள் கைதிகளை ஒரே வீச்சில் விட்டார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டை வைத்து இன்னொரு சுற்று. நமக்குப் பக்கத்தில், மேலூர் தாலுகாவில் இருக்கிற மேலவளவில் 1997ல் பஸ்ஸை மறித்து பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்த தலித்துகளையும் வெட்டிக் கொன்ற வழக்கில் பதினேழு பேருக்கு ஆயுள் கொடுத்தார்கள். அதில் மூன்று பேர் 2008லேயே வெளியே வந்தார்கள், பதின்மூன்று பேரை 2019 நவம்பரில் விட்டார்கள். செத்தவர்களின் வீடும் வெளியே வந்தவர்களின் வீடும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது, தினமும் முகத்தில் முழிக்க வேண்டும்.

தர்மபுரியை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2000 பிப்ரவரியில் வேளாண் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வந்த பஸ்ஸுக்குத் தீ வைத்ததில் மூன்று மாணவிகள் உள்ளேயே கருகிப் போனார்கள். 2007ல் மூன்று பேருக்குத் தூக்கு. 2010ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2016ல் அதே உச்ச நீதிமன்றம் மறுசீராய்வில் ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் மூன்று பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெற்றவர்களின் இடத்தில் நின்று பாருங்கள். உச்ச நீதிமன்றமே தூக்கு என்று சொன்ன ஆட்கள், எட்டே வருடத்தில், தேர்தல் அரசியல் பண்ணுகிறவர்களின் ஒரு கோப்பில் வெளியே வந்தார்கள். இதைப் பார்த்த தமிழ்நாட்டுக்காரன் "ஆயுள் வேண்டாம், தூக்கில் போடு" என்று சொன்னால் அவனைக் காட்டுமிராண்டி என்று சொல்ல முடியாது. சாதாரண ஆயுள் போதும் என்று மனு கொடுத்தால் அதிலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

சரி, அப்படியென்றால் தூக்கையே கேட்கலாமே?

தமிழ்நாட்டில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1995 ஏப்ரலில், சேலம் மத்திய சிறையில், ஆட்டோ சங்கர். முப்பது வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு செஷன்ஸ் கோர்ட்டுகள் எத்தனையோ தூக்கு எழுதியிருக்கின்றன, எழுதிய அன்று டிவியில் வெடி வெடிப்பதைக் காட்டுவார்கள், அதோடு சரி. செஷன்ஸ் கோர்ட் தூக்கு கொடுத்தால் உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் அது செல்லும், நமக்கென்றால் மதுரைக் கிளை. அப்புறம் உச்ச நீதிமன்றம், மறுசீராய்வு, அதுவும் தள்ளுபடியானால் கடைசியாகப் போடுகிற சீராய்வு நிவாரண மனு, ஆளுநர், குடியரசுத் தலைவர், கருணை மனு தள்ளுபடியானால் அதை எதிர்த்து மறுபடியும் நீதிமன்றம். இந்தியா முழுக்கக் கணக்கெடுத்தால் கீழ்க்கோர்ட்டு கொடுக்கிற தூக்கில் நூற்றுக்கு ஐந்து கூடக் கடைசி வரை நிற்பதில்லை. நாடே ஒரே குரலில் கேட்ட டெல்லி நிர்பயா வழக்கில் கூட 2012 டிசம்பரில் நடந்த குற்றத்துக்கு 2020 மார்ச் 20ஆம் தேதிதான் தூக்கு, அதுவும் தேதி குறித்து, ஒத்திவைத்து, மறுபடி குறித்து. அந்தத் தாய் ஒவ்வொரு தேதிக்கும் கோர்ட் வாசலில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். நம் ஆச்சியின் மகளுக்கு அப்படிப் பின்னால் நிற்க நாடு வராது.

இழுப்பதற்கே ஒரு பலன் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கருணை மனுவை வருடக்கணக்கில் கிடப்பில் போட்டதே தூக்கை ரத்து செய்யப் போதுமான காரணம் என்று சொல்லிப் பத்துப் பேருக்கு மேல் தூக்கை ஆயுளாக மாற்றியது. அடுத்த மாதமே ராஜீவ் வழக்கில் மூன்று பேருக்கு அதே காரணத்தால் குறைந்தது. தீர்ப்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன், ஒருவனைப் பத்துப் பதினைந்து வருடம் கயிற்றைக் காட்டிக் காட்டி உட்கார வைப்பது எந்த தண்டனையிலும் சேராது. ஆனால் குடும்பத்தின் பக்கம் பாருங்கள். தூக்கு என்று கேட்டு, தூக்கு என்று வாங்கி, கடைசியில் கையில் கிடைப்பது அதே சாதாரண ஆயுள், அதுவும் பத்துப் பதினைந்து வருட அலைச்சலுக்குப் பிறகு.

அலைச்சல் என்று சும்மா சொல்லிவிட முடியாது. இதேபோல நகைக்காக நடந்த இன்னொரு கொலையில் அம்மாவைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். மகள் சாட்சி சொல்லப் போன அன்று கூடப் போயிருந்தேன். அரக்கு வைத்து ஒட்டின காக்கி உறையைக் கோர்ட்டில் பிரித்து, அதற்குள்ளிருந்து சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்து, "இது உங்கள் தாயாருடைய தோடுதானா, நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். ஒரு தோட்டின் திருகில் நூல் சுற்றியிருந்தது. திருகு லூசாகிவிட்டது, ஆசாரியிடம் கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்து, கொடுக்காமலே சுற்றி வைத்த நூல். மகள் அதைப் பார்த்துவிட்டு "ஆமா" என்று சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்ட, வாயால் சொல்லுங்கள் என்றார்கள். இந்த மாதிரி நாளை ஒரு தடவை தாண்டி வருவதே பெரிய பாடு. கொன்றவன் கயிற்றுக்குக் கீழே நிற்கிறான் என்றால் ஒவ்வொரு படியிலும் வழக்கு திரும்பவும் திறக்கும், ஒவ்வொரு தடவையும் பேப்பரில் போட்டோ வரும், ஒவ்வொரு தடவையும் யாராவது போன் போட்டு "என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். வருடம் முழுக்க யோசிக்காமல் இருக்கப் பழகின பிறகும் விடாது.

இதுவரை சொன்னது நடைமுறை. இனிமேல் சொல்வதுதான் என்னைத் தூக்குக்கு எதிராகத் திருப்பியது.

சென்னைக்குப் பக்கத்தில் 2017ல் ஏழு வயதுக் குழந்தை ஒன்று சிதைக்கப்பட்டு எரிக்கப்பட்டது, அந்தச் செய்தியைப் படித்த எல்லோருக்கும் வயிறு எரிந்தது, எனக்கும். மறு வருடமே செங்கல்பட்டில் தூக்கு எழுதினார்கள், அதே வருடம் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. இவ்வளவு வேகமாக நீதி கிடைத்ததே என்று ஊரே பேசியது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆளை விடுதலை செய்துவிட்டது. கேமரா பதிவை முறையாக நிரூபிக்கவில்லை, சாட்சியச் சங்கிலி சேரவில்லை, எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தயாராகப் போதிய அவகாசமே கொடுக்கவில்லை என்றது. அவன் செய்தானா இல்லையா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. ஆனால் இரண்டில் ஒன்று நிச்சயம்: கொன்றவன் வேறு யாரோ என்றால் ஒரு நிரபராதி வருடக்கணக்கில் தூக்குக் கைதியாக இருந்திருக்கிறான், இவன்தான் என்றால் அவசரத்தில் சரியாக நடத்தாத விசாரணை அவனைக் காப்பாற்றியிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் குழந்தையைப் பெற்றவர்கள் கையில் ஒன்றும் இல்லை. ஊர் தூக்கு தூக்கு என்று கத்துகிறபோது போலீஸுக்கு, வக்கீலுக்கு, ஜட்ஜுக்கு எல்லோருக்கும் அந்த நாளைக் கடந்தால் போதும் என்று ஆகிவிடுகிறது, ஓட்டையை அடைக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை என்பது என் கணிப்பு.

உச்ச நீதிமன்றமே தன்னைத் திருத்திக்கொண்டதும் உண்டு. மகாராஷ்டிராவில் ஒரு வழக்கில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2009ல் உச்ச நீதிமன்றம் தூக்கு என்றது, உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்திருந்த மூன்று பேருக்கும் சேர்த்து. 2019ல் அதே நீதிமன்றம் ஆறு பேரும் குற்றவாளிகளே இல்லை என்று விடுவித்து, நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது. பதினாறு வருடம் அவர்கள் சிறையில் இருந்துவிட்டார்கள், ஒருவன் சம்பவம் நடந்தபோது பதினெட்டு வயது ஆகாதவன். நடுவில் கயிறு விழுந்திருந்தால்? விழுந்த கதையும் இருக்கிறது. ஒரே கொலை வழக்கில் மூன்று பேருக்குத் தூக்கு, மூவருக்கும் ஒரே பங்கு. ஒருவருக்கு உச்ச நீதிமன்றத்தில் ஆயுளாகக் குறைந்தது, இன்னொருவரின் அப்பீல் வேறு அமர்வில் தள்ளுபடியாகி 1981ல் தூக்கிலிட்டுவிட்டார்கள், மூன்றாமவர் ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் மனு போட்டதால்தான் இந்தக் கதையே 1982ல் வெளியே வந்தது. எந்த ஜட்ஜ் முன்னால் வழக்குக் கட்டு போய் விழுகிறது என்பதில் உயிர் நிற்கிறது. தூக்குக் கைதிகளில் முக்கால்வாசிப் பேர் ஏழைகள் என்று ஆய்வு சொல்கிறது, சொல்லாவிட்டாலும் சிவகங்கை கோர்ட் வளாகத்தில் ஒரு நாள் நின்றால் தெரியும், யாருடைய வக்கீல் கட்டைப் படித்துவிட்டு வருகிறார், யாருடைய வக்கீல் படிக்காமல் வருகிறார் என்று.

திருப்பத்தூரில் 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் பேசுகிறோம். அது வெள்ளைக்காரன் செய்தது, இன்றைய கோர்ட்டோடு சேர்த்துப் பேசக்கூடாது என்று ஒரு நண்பர் சொன்னார். சரிதான், நானும் சேர்க்கவில்லை. ஆனாலும் கயிற்றை அரசாங்கத்தின் கையில் கொடுக்கிற விஷயத்தில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் கூடுதல் தயக்கம் இருக்கலாம்.

தூக்கு இருந்தால் பயம் இருக்கும் என்பார்கள். தூக்கு இப்போதும் சட்டத்தில் இருக்கிறது, அந்த ஆச்சியின் வீட்டுக்குள் போனவர்களை அது நிறுத்தவில்லை. பிடிபட மாட்டோம் என்று நினைத்துத்தான் போகிறார்கள். முகம் தெரிந்தவன் என்றால், சாட்சி மிஞ்சக் கூடாது என்று கழுத்தை நெரிக்கிறான். எல்லாத் தெருவிலும் வேலை செய்கிற கேமராவும், ராத்திரி ரோந்தும், தனியாக இருக்கிற வயதானவர்களின் பட்டியல் ஸ்டேஷனில் இருப்பதும் கயிற்றை விட அதிகம் பயம் காட்டும்.

என்கவுன்டர் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 2019ல் ஐதராபாத்தில் நான்கு பேரைச் சுட்டபோது போலீஸுக்குப் பூ தூவினார்கள், 2022ல் உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் வேண்டுமென்றே சுட்டார்கள் என்று சொன்னது. சுடப்பட்டவன் பேச மாட்டான். கூட இருந்தது யார், தகவல் கொடுத்தது யார், நகையை வாங்கினது யார் என்பதெல்லாம் அவனோடு போய்விடும். வேலைக்காரரோ, பழைய டிரைவரோ, சொந்தக்காரரோ சொல்லாமல் எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று வெளியாளுக்குத் தெரியுமா? அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால் பிடிபட்டவன் உயிரோடு இருக்க வேண்டும்.

ஆக, மிச்சம் இருப்பது குறைப்பில்லாத ஆயுள். 2008ல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வழியைக் கண்டுபிடித்தது, மனைவியின் சொத்துக்காக அவரை உயிரோடு புதைத்த வழக்கு அது. தூக்கு அதிகம், பதினாலு வருடத்தில் வெளியே வருகிற ஆயுள் ரொம்பக் குறைவு, அதனால் சாகும் வரை உள்ளே, குறைப்பு கிடையாது என்றார்கள். 2015ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு இது செல்லும் என்று உறுதி செய்தது. இது எப்படி நிற்கிறது என்பதற்கு உடுமலைப்பேட்டை ஆணவக் கொலை நல்ல உதாரணம். திருப்பூர் கோர்ட் 2017ல் ஆறு பேருக்குத் தூக்கு கொடுத்தது. 2020ல் உயர் நீதிமன்றம் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவரை விடுதலை செய்து, ஐந்து பேருக்கு இருபத்தைந்து வருடம் குறைப்பில்லாத ஆயுள் கொடுத்தது. விடுதலை நியாயமா என்று சண்டை போடலாம், அது வேறு. ஆனால் மிச்ச ஐந்து பேரை எந்தத் தலைவரின் நூற்றாண்டு விழாவும் வெளியே கொண்டுவராது. நாளைக்குத் தவறு என்று தெரிந்தால் கதவைத் திறந்துவிடவும் முடியும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது இதில் மட்டும்தான்.

இதிலும் குறை இருக்கிறது, மறைக்கக் கூடாது. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் அரசியல் சாசனம் கொடுத்த மன்னிப்பு அதிகாரம் அப்படியேதான் இருக்கிறது, நீதிமன்றம் அதைப் பறிக்க முடியாது. அதை விடப் பெரிய குறை, இந்தத் தண்டனையைக் கொலை வழக்கில் கொடுக்கிற அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டும்தான் என்று 2015 தீர்ப்பு சொல்லிவிட்டது. சில செஷன்ஸ் கோர்ட்டுகள் எழுதுகின்றன, ஆனால் சட்டம் அவர்களுக்கு இடம் தரவில்லை. விளைவு, சிவகங்கை ஜட்ஜ் முன்னால் இருப்பது இரண்டே வழி. பதினாலு வருடத்தில் வெளியே வந்துவிடுவானே என்று மனசு கேட்காதபோது அவர் பேனா தூக்குக்குத்தான் போகும். நடுவில் இருக்கிற வழியை அவர் கையில் கொடுத்தால் பாதித் தூக்குகள் எழுதப்படவே மாட்டா என்பது என் எண்ணம், குடும்பமும் முதல் கோர்ட்டிலேயே உறுதியான ஒரு தண்டனையைப் பார்த்துவிடும்.

முப்பது வருடம் அவனுக்கு நம் வரிப்பணத்தில் சோறா என்று கேட்பார்கள். தூக்குக் கைதிக்கும் பத்துப் பதினைந்து வருடம் அதே சோறுதான். உள்ளே இருக்கிறவன் வேலை செய்கிற கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பிடித்துத் தருகிற ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டு, செத்தவன் கூலி வேலை செய்ய மாட்டான்.

அதனால் மனுவில் இப்படி எழுதலாம் என்கிறேன். ஒன்று, புதிய சட்டப்படி ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் தடயவியல் ஆட்கள் இடத்துக்கு வந்து தடயம் எடுக்க வேண்டும், இந்த வழக்கில் அது முழுசாக நடந்ததா என்று எஸ்.பி. பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்தது, கொலை வழக்குகளில் பழக்கமுள்ள சிறப்பு அரசு வக்கீல். அப்புறம், குற்றம் நிரூபணமாகி வழக்கு உயர் நீதிமன்றம் போகிறபோது, குறைந்தது இருபத்தைந்து வருடம் குறைப்பில்லாத ஆயுளை அரசுத் தரப்பு கேட்க வேண்டும். தண்டனை போதாது என்று அப்பீல் போக நம் சட்டத்தில் குடும்பத்துக்கு உரிமை இல்லை, அரசுதான் போக வேண்டும், அதனால் இதை அரசிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். விடுதலையை எதிர்த்து என்றால் குடும்பமே அப்பீல் போகலாம், அந்த உரிமை இருப்பதை யாராவது அந்த மகளிடம் சொல்லி வையுங்கள். குறைப்பில்லாத ஆயுளை செஷன்ஸ் கோர்ட்டே கொடுக்கும்படி சட்டத்தைத் திருத்த தமிழக அரசு மத்திய அரசை வலியுறுத்த வேண்டும் என்று ஒரு வரி. கடைசியாக, எந்த விழாவையொட்டி எந்தக் கைதியை விடுவதாக இருந்தாலும், கோப்பு நகர்வதற்கு முன் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நோட்டீஸ் அனுப்பி, நேரில் கூப்பிட்டுக் கேட்டு, அவர்கள் சொன்னதை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மேலவளவிலும் தர்மபுரியிலும் முடிவு எடுத்தபோது அந்தக் குடும்பங்களை முன்னால் உட்கார வைத்து யாராவது கேட்டிருந்தால் கையெழுத்துப் போட அவ்வளவு சுலபமாகக் கை வந்திருக்காது.

தூக்குதான் வேண்டும் என்பவர்கள் தனி மனு கொடுக்கட்டும். இந்த வரிகளோடு ஒன்று வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது, எங்கள் தெருவில் மற்ற கையெழுத்துகளையும் நானே வாங்கித் தருகிறேன்.